மண்ணுக்குள் செல்லும் அலை: நிலத்தடி மாசை வரைபடமாக்குதல்

ஆறு மாசுபட்டால் அதன் நிறமும் நாற்றமும் கரையோரத்தாருக்கு அதை உடனே உணர்த்திவிடுகின்றன. நிலத்தடி நீர் மாசுபடும்போதோ, கிணற்று நீரின் சுவை மாறும் வரையிலோ ஆய்வுக்கூடத்தின் அறிக்கை வந்து சேரும் வரையிலோ எவரும் அதை அறிவதில்லை. அறிந்த பின்னும் அந்த மாசு எந்த ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறது, எத்திசையில் நகர்கிறது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றுக்கு விடை காண நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்த வழி, ஆழ்துளையிட்டு மண்ணையும் நீரையும் வெளியே எடுத்துச் சோதிப்பதாகும். ஆனால் ஒரு துளை தன் சில அங்குல விட்டத்துக்குள் அகப்பட்டதை மட்டுமே காட்டும். இருபது மீட்டர் இடைவெளியில் போடப்பட்ட இரு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை ஆய்வாளர் தம் ஊகத்தால்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெர்குளோரோஎத்திலீன் என்னும் ஒரே வேதிப்பொருளைக் கொண்டு விளக்கலாம். உலர் சலவையகங்களிலும், உலோக உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் தொழிற்கூடங்களிலும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் இக்கரைப்பான், நீரைப்போல் 1.6 மடங்கு எடை கொண்டது. எனவே நிலத்தில் சிந்தினால் நீர்மட்டத்தோடு நின்றுவிடாமல் அதையும் கடந்து கீழே இறங்குகிறது, வழியில் நுண்மணல் அடுக்கு ஏதேனும் குறுக்கிட்டால் அதன்மேல் தேங்கிப் பக்கவாட்டில் படர்கிறது, பின்னர் ஏதோ ஒரு விளிம்பில் மீண்டும் கீழே வழிகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது அமெரிக்காவின் வரம்பு. ஒரு லிட்டர் பெர்குளோரோஎத்திலீன் முழுவதும் கரைந்தால் ஏறத்தாழ 32 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும் என்பது எளிய கணக்கு. மேலும், ஓர் அடுக்கின்மேல் தேங்கியிருக்கும் இத்திரவத்தின் ஊடே அறியாமல் துளையிட்டால், அத்துளையே அது இன்னும் ஆழமான நீர்ப்படுகைக்கு இறங்கும் வாய்க்காலாகிவிடக்கூடும். ஆகவே தேடுவதற்காகத் தோண்டுவதற்கு முன், எங்கே தோண்டலாம், எங்கே தோண்டலாகாது என்பதை மேலிருந்தே அறியும் ஒரு வழி தேவைப்படுகிறது. அத்தகைய வழிகளுள் ஒன்றே தரை ஊடுருவு ரேடார்.

வானூர்தியையும் மழைமேகத்தையும் கண்டறியும் ரேடார் எந்த நெறியில் இயங்குகிறதோ அதே நெறியில்தான் இதுவும் இயங்குகிறது. அலை செல்லும் திசை மட்டும் கீழ்நோக்கியது. நிலத்தின்மேல் வைத்து இழுக்கப்படும் ஆண்டெனா ஒன்று மிகக் குறுகிய ரேடியோத் துடிப்பை மண்ணுக்குள் அனுப்புகிறது. மண்ணின் மின்பண்பு எங்கெல்லாம் திடீரென மாறுகிறதோ அங்கெல்லாம் அத்துடிப்பின் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்புகிறது. அதை மற்றோர் ஆண்டெனா வாங்கிக்கொள்ள, அனுப்பிய கணத்துக்கும் திரும்பிய கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி பதிவு செய்கிறது. இந்த நேரம் நானோ வினாடிகளில், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்காகிய அலகில் அளக்கப்படுகிறது. காற்றில் ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் அலை, உலர்ந்த மணலில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரும், நீர் நிறைந்த மணலில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டருமே செல்கிறது.

இவ்வேக வேறுபாட்டுக்குக் காரணம் சார்பு விடுதிறன் எனப்படும் பண்பு. ஒரு பொருளின் மூலக்கூறுகள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்கித் திரும்புகின்றன என்பதைக் குறிக்கும் எண் அது. அவ்வெண் கூடக்கூட அலையின் வேகம் குறைகிறது. காற்றுக்கு அது 1, உலர் மணலுக்கு 3 முதல் 5, நீருக்கோ ஏறத்தாழ 80. பெட்ரோலுக்கும் பெர்குளோரோஎத்திலீனுக்கும் அது 2 அல்லது அதற்குச் சற்றே மேல். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ரேடாரின் பார்வையில் மண்ணுக்குள் எல்லாவற்றையும் ஆள்வது நீரே என்பது புலனாகும். நீர் இருக்கும் இடம், இல்லாத இடம், இருந்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்ட இடம் ஆகிய மூன்றையும் ரேடார் வேறுபடுத்தும். நச்சுப்பொருளின் வேதியியல் அதற்குத் தெரியாது. இச்சொற்பொழிவில் பின்னர் வரும் வெற்றிகளும் தோல்விகளும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

அலையை நிலத்துக்குள் செலுத்தும் எண்ணம் புதியதன்று. 1929ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரியாவின் ஒரு பனியாற்றின் ஆழத்தை ஸ்டெர்ன் என்பவர் ரேடியோ அலைகளால் அளந்தார். 1950களில் கிரீன்லாந்தின்மேல் பறந்த வானூர்திகளின் ரேடார் உயரமானிகள், பனியின் மேற்பரப்பைக் கடந்து உள்ளே சென்ற அலைகளால் ஏமாந்து தவறான உயரத்தைக் காட்டியபோது, பனி அந்த அலைகளுக்கு ஏறத்தாழ ஒளிபுகும் பொருள்போல் இருப்பது மீண்டும் உணரப்பட்டது. 1972இல் அப்போலோ 17 பயணத்தில் நிலவின் தரையடி அமைப்பை அறியவும் ரேடியோ அலைகள் பயன்படுத்தப்பட்டன. பனியும் நிலவின் மண்ணும் அலைகளுக்கு எளிதில் வழிவிட்டதற்குக் காரணம் இரண்டிலும் திரவ நீர் இல்லாமையே. நீரும் உப்பும் களியும் கலந்த சாதாரண மண்ணில் அத்தகைய எளிமை கிடைப்பதில்லை.

ரேடார் வரையும் படத்தை முதன்முறை காண்போர் அதை நிலத்தின் குறுக்குவெட்டு என்றே எண்ணிவிடுவர். உண்மையில் அதன் கிடையச்சு மட்டுமே தூரம், நெடுக்கச்சு நேரம். இவ்வேறுபாட்டின் விளைவைப் புதைக்கப்பட்ட இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கொண்டு அறியலாம். உலர்ந்த மணலில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு பீப்பாய் கிடப்பதாகக் கொள்வோம். கருவி அதற்கு நேர்மேலே இருக்கும்போது அலை 3 மீட்டர் போய்வர 20 நானோ வினாடி ஆகும். ஆனால் அலை விரிந்து செல்வதால், கருவி 2 மீட்டர் தள்ளியிருக்கும்போதே பீப்பாயின் எதிரொளி சாய்வாக வந்து சேர்ந்துவிடுகிறது. அப்போது ஒருவழித் தூரம் இரண்டரை மீட்டர், நேரம் ஏறத்தாழ 33 நானோ வினாடி. எனவே கருவி நெருங்க நெருங்க எதிரொளி மேலே ஏறி, பீப்பாயைக் கடந்ததும் மீண்டும் கீழே சரிகிறது. படத்தில் பீப்பாயின் உருவம் தோன்றாமல், கவிழ்த்து வைத்த வில்லைப்போன்ற அதிபரவளையம் ஒன்றே தோன்றுகிறது. அவ்வில்லின் உச்சி பீப்பாயின் இடத்தையும், அதன் கைகளின் சரிவு மண்ணில் அலை செல்லும் வேகத்தையும் தருகின்றன. வேகம் தெரிந்தால்தான் நேரத்தை ஆழமாக மாற்ற முடியும் என்பதால் அச்சரிவு விலைமதிப்புள்ளது. அதே சரிவு ஒரு காவலாகவும் பயன்படுகிறது: உறையிடாத ஆண்டெனாவிலிருந்து காற்றில் கசியும் அலை மின்கம்பத்திலோ கம்பிவேலியிலோ பட்டுத் திரும்பினாலும் படத்தில் இத்தகைய வில் தோன்றும், அதன் சரிவு நானோ வினாடிக்கு 30 சென்டிமீட்டர் என்னும் வேகத்தைக் காட்டினால், அது மண்ணுக்குள் உள்ள பொருளன்று என்று அனுபவமுள்ளவர் உடனே ஒதுக்கிவிடுவார்.

ஆழமும் நுணுக்கமும் ஒருங்கே கிடைப்பதில்லை என்பது இக்கருவியின் அடிப்படைக் கட்டுப்பாடு. அதிர்வெண் உயர்ந்தால் அலைநீளம் குறைந்து சிறிய வேறுபாடுகளும் தெரியும், ஆனால் அலை விரைவில் வலுவிழக்கும். அதிர்வெண் தாழ்ந்தால் அலை ஆழமாகச் செல்லும், ஆனால் மெல்லிய அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் நீர் நிறைந்த மணலில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு, அதாவது ஏழெட்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்குவரை பிரித்தறியலாம் என்பது நடைமுறை விதி. இதைவிடக் கடுமையான தடை மண்ணின் மின்கடத்துதிறன். உப்பு கரைந்த நீரும், மின்னூட்டத் துகள்களைப் பற்றி வைத்திருக்கும் களிமண்ணும் அலையின் ஆற்றலை வெப்பமாக மாற்றி விழுங்கிவிடுகின்றன. ஆகவே உலர்ந்த மணலில் பல மீட்டர் ஆழம்வரை காணும் கருவி, கரிசலைப் போன்ற ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடலாம், கடலோர உவர்நிலத்தில் நீர்மட்டத்தோடு குருடாகிவிடலாம். ஓர் இடத்தில் ரேடார் ஆய்வு செய்வதா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அங்குள்ள மண்ணே.

நெறிகள் இவ்வாறிருக்க, மாசு மண்ணுக்குள் இறங்குவதை ரேடார் உண்மையிலேயே பின்தொடர முடியுமா என்ற வினாவுக்கு மிகத் தெளிவான விடை கனடாவில் கிடைத்தது. ஒன்டாரியோ மாநிலத்தில் போர்டன் ராணுவத் தளத்தின் எல்லைக்குள், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் நீண்டகாலமாகப் பயன்படுத்திவரும் மணற்பாங்கான ஆய்வுக்களம் ஒன்று உள்ளது. 1991ஆம் ஆண்டு அங்கே 9 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தைச் சுற்றி எஃகுத் தகடுகள் நிலத்தில் அறையப்பட்டன. அவற்றின் அடிப்பகுதி 3.3 மீட்டர் ஆழத்தில் உள்ள களிமண் அடுக்குக்குள் பொருத்தப்பட்டதால், அச்சதுரம் இயற்கை மணலையும் நீரையும் அப்படியே உள்ளடக்கிய, வெளியே கசியாத தொட்டியாயிற்று. அதனுள் 770 லிட்டர் பெர்குளோரோஎத்திலீன் ஏறத்தாழ 70 மணி நேரத்தில் செலுத்தப்பட்டது. அதன் எடை ஒன்றேகால் டன்னுக்கு நெருக்கமாகும். மாசு எங்கிருந்து, எப்போது, எவ்வளவு வந்தது என்பது முழுமையாகத் தெரிந்த நிலையில் அதன் போக்கைக் கண்காணிப்பது, குற்றம் நடந்த பின் தடயம் தேடுவதிலிருந்து முற்றிலும் வேறான வாய்ப்பாகும். ப்ரூஸ்டர், அன்னன் ஆகிய ஆய்வாளர்கள் அதே கோடுகளின்மேல் ரேடாரை மீண்டும் மீண்டும் இழுத்துப் பதிவுசெய்தனர். மின்தடை அளவீடுகளும் துளைகளினுள் இறக்கிய நியூட்ரான் கருவிகளும் அப்பதிவுகளை ஒப்புநோக்கத் துணைசெய்தன.

அப்படங்களில் தெரிந்ததைப் புரிந்துகொள்ள மணலின் துளைகளுக்குள் நடப்பதைச் சற்று அணுகிப் பார்க்க வேண்டும். மணலின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு வெற்றிடம். நீர்மட்டத்துக்குக் கீழே அது முழுவதும் நீரால் நிறைந்திருக்கும். அத்தகைய மணலின் சார்பு விடுதிறன் ஏறத்தாழ 23 அல்லது 24. அந்த நீரில் பாதியைப் பெர்குளோரோஎத்திலீன் வெளியேற்றி அமர்ந்துகொண்டால், விடுதிறன் ஏறத்தாழ 11ஆகச் சரிந்து, அலையின் வேகம் நானோ வினாடிக்கு 6 சென்டிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டராக உயரும். முன்பு எதிரொளி ஏதும் வராத இடத்தில் இந்த மாற்றம் ஒரு வலிமையான எதிரொளியை உண்டாக்கும். அதோடு ஒரு மறைமுகச் சான்றும் கிடைக்கும்: மாசு தேங்கிய பகுதியை அலை விரைந்து கடந்துவிடுவதால், அதற்குக் கீழே உள்ள களிமண் அடுக்கின் எதிரொளி முன்னதாகவே வந்து சேர்கிறது. 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள தேக்கமாயின் அந்த முந்துகை ஏறத்தாழ 3 நானோ வினாடி. இடம்மாறாத களிமண் அடுக்கு, படத்தில் ஒன்பது சென்டிமீட்டர் மேலெழுந்ததுபோல் தோன்றும். கண்ணாடிக் குவளைக்கு அடியில் வைத்த எழுத்து மேலே உயர்ந்ததுபோல் தெரிவதற்கு ஒப்பான இம்மயக்கத்தைத் திருப்பிக் கணக்கிட்டால், எவ்வளவு நீர் வெளியேற்றப்பட்டது என்பதற்கு ஒரு மதிப்பீடே கிடைத்துவிடுகிறது.

போர்டன் படங்களில் கரைப்பான் கீழிறங்குவதும், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் தடைப்பட்டுத் தேங்குவதும், அங்கிருந்து மணலின் இயற்கை அடுக்குகளை ஒட்டிப் பக்கவாட்டில் படர்வதும் அடுத்தடுத்த பதிவுகளில் தெளிவாகப் புலப்பட்டன. இதில் கவனிக்கத்தக்கது, அந்தத் தடை களிமண் போன்ற வலிய அடுக்கன்று என்பதே. போர்டன் மணல் பெரிதும் ஒரே சீரானது என்று கருதப்படும் மணல். அதன் அடுக்குகளுக்கிடையே நீர் ஊடுருவும் திறனில் உள்ள வேறுபாடு சிறிது. அச்சிறு வேறுபாடே கனமான ஒரு திரவத்தின் பாதையை முடிவுசெய்யப் போதுமானதாயிற்று என்றால், அடுக்குகள் முரண்பட்டுக் கிடக்கும் சாதாரண நிலத்தில் இரு துளைகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டு மாசின் எல்லையை வரைவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் அவ்வெற்றியின் இரகசியம் கருவியில் மட்டும் இருக்கவில்லை. மாசு நுழைவதற்கு முன் அத்தொட்டியின் படம் எடுக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த ஒவ்வொரு படத்திலும் மாறியது எது என்று மட்டும் தேடினால் போதும். உண்மையான தொழிற்சாலை வளாகத்தில் அத்தகைய பழைய படம் கிடைப்பதில்லை. அங்கே தோன்றும் ஒரு பளிச்சென்ற எதிரொளி தேங்கிய கரைப்பானாக இருக்கலாம்; மணலுக்கிடையே உள்ள சரளை அடுக்காகவும் இருக்கலாம். ஒரே படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறிவது பல வேளைகளில் இயலாது. ஆகவே தூய்மைப்படுத்தும் பணி தொடங்கும் முன்பே ஒரு படத்தை எடுத்து வைத்து, பணி நடக்க நடக்க ஒப்பிட்டு வருவது, தெரியாத மாசைத் தேடுவதைவிட ரேடாரின் இயல்புக்கு மிக ஏற்ற பயன்பாடாகும்.

காலம் இன்னொரு வகையிலும் இப்படங்களைப் பாதிக்கிறது என்பதைக் கச்சா எண்ணெய், பெட்ரோல் கசிவுகள் உணர்த்தின. நீரைவிட இலேசான இவை நீர்மட்டத்தை அடைந்ததும் மிதக்கின்றன. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எண்ணெய் தேங்கிய இடம் ரேடார் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதே தொடக்ககால எதிர்பார்ப்பு. புதிய கசிவுகளைப் பொறுத்தவரை அது பொருந்தியது. ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கார்சன் சிட்டி என்னும் ஊரில், பல்லாண்டுகளாக எண்ணெய் கசிந்திருந்த நிலத்தை வில்லியம் சாக், எஸ்டெல்லா அட்டெக்வானா முதலியோர் 1990களில் ஆராய்ந்தபோது, எண்ணெய் இருந்த பகுதியில் ரேடார் அலை வலுவிழந்து, படம் நிழல் விழுந்ததுபோல் மங்கியிருந்தது. மின்கடத்துதிறனோ குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது.

இம்முரணுக்கு விடை நுண்ணுயிர்களிடம் இருந்தது. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் எண்ணெயை உணவாகக் கொண்டு சிதைக்கும்போது கரிம அமிலங்களும் கார்பன் டைஆக்சைடும் வெளிப்படுகின்றன. இவற்றால் அமிலத்தன்மை பெற்ற நீர் மணலில் உள்ள கனிமங்களைக் கரைக்க, கரைந்த அயனிகள் நீரின் மின்கடத்துதிறனை உயர்த்துகின்றன. உயர்ந்த கடத்துதிறன் ரேடார் அலையை விழுங்குகிறது. நுண்ணுயிர்களின் இவ்வேதிவேலையை மின்னசோட்டா மாநிலத்தின் பெமிட்ஜி நகருக்கு அருகே நெடுங்காலமாகக் காணமுடிகிறது: 1979 ஆகஸ்ட் 20 அன்று குழாய் வெடித்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் சிந்திய அவ்விடத்தில், துப்புரவுக்குப் பின்னும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் நிலத்துக்குள் தங்கிவிட, அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1983 முதல் அதை ஒரு நிலையான ஆய்வுக்களமாக வைத்துக்கொண்டு எண்ணெய் தானாகச் சிதைவதைக் கண்காணித்து வருகிறது. இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு எளியது, ஆனால் விளைவு பெரியது: ஒரே எண்ணெய் இளமையில் வெளிச்சமாகவும் முதுமையில் நிழலாகவும் தோன்றலாம், இரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தில் எதுவுமே தோன்றாமலும் போகலாம். கசிவின் வயதை அறியாதவர் அதன் படத்தைப் படிக்க இயலாது.

குப்பைமேடுகளின் அடியிலிருந்து ஊறும் கழிவுநீரும் அயனிகள் மிகுந்தது என்பதால் அதுவும் நிழலாகவே தெரியும். நிழலின் விளிம்பைக் கொண்டு மாசின் எல்லையை ஓரளவு குறிக்கலாம்; ஆனால் நிழலுக்குக் கீழே உள்ளது எதுவும் தெரியாது. அவ்விடங்களில் மின்தடை அளவீடும் மின்காந்தத் தூண்டல் முறையும் கூடுதல் பயன் தருகின்றன. ரேடாரோ புதைகுழிகளின் ஓரம் எது, மேலே போட்ட மண்மூடியின் தடிமன் எவ்வளவு, உலோகப் பீப்பாய்கள் எங்கே குவிந்துள்ளன என்பவற்றைக் காட்டுவதில் சிறந்து விளங்குகிறது. தோண்டிக் கலைத்த மண் மீண்டும் நிரப்பப்பட்டாலும் இயற்கை அடுக்குகளின் தொடர்ச்சி அங்கே அறுந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அறுபட்ட விளிம்பு படத்தில் வெட்டுக்காயத்தின் வடுவைப்போல் நிற்கிறது.

ஆகவே முறையான ஆய்வு ஒரு வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் அவ்விடத்தின் பழைய வரலாறும் மண்ணின் வகையும் திரட்டப்படுகின்றன. பின்னர் கட்டம் கட்டமாகக் கோடுகள் குறிக்கப்பட்டு ரேடார் இழுக்கப்படுகிறது. அலையின் வேகம் அங்கேயே அளக்கப்படுகிறது, ஏனெனில் வேகத்தில் பத்து விழுக்காடு பிழை நேர்ந்தால் ஆழத்திலும் அதே அளவு பிழை நேரும். அதன்பின் மின்கடத்துதிறனை அளக்கும் வேறு முறைகளின் முடிவுகள் ரேடார் படத்தோடு பொருத்திப் பார்க்கப்பட்டு, ஒத்துப்போகும் இடங்களிலும் முரண்படும் இடங்களிலும் சில துளைகள் மட்டும் போடப்படுகின்றன. ஒத்துப்போகும் இடத்தில் போடும் துளை விளக்கத்தை உறுதிசெய்கிறது. முரண்படும் இடத்தில் போடும் துளையே பெரும்பாலும் புதிதாக ஒன்றைக் கற்பிக்கிறது. நஞ்சு இன்னது என்று பெயர் சொல்லும் அதிகாரம் இறுதிவரை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படும் நீருக்கும் மண்ணுக்குமே உரியது. அந்த நீரையும் மண்ணையும் எங்கிருந்து எடுப்பது என்று சொல்வதே ரேடாரின் பணி.

நில அமைப்பு வரைபடங்களில் ஒரு பழைய மரபு உண்டு: கண்ணால் கண்டு உறுதிசெய்த எல்லை முழுக்கோடாகவும், ஊகித்த எல்லை விட்டுவிட்டு வரும் கோடாகவும் வரையப்படும். மாசு வரைபடங்கள் அலுவலக மேசைகளையும் நீதிமன்றங்களையும் சென்றடையும்போது அவ்விரு கோடுகளும் ஒரே வண்ணப் பரப்பாகக் கலந்துவிடும் அபாயம் உள்ளது. கணினி தீட்டும் செம்மையான வண்ணத்தில் அளவீடு எது, நிரப்பல் எது என்பது தெரிவதில்லை. அந்த வண்ணத்தின் விளிம்புக்கு வெளியே தம் கிணறு இருக்கிறது என்று நம்பி நீர் இறைக்கும் குடும்பத்துக்கு அவ்விளிம்பு எந்தக் கோட்டால் ஆனது என்பது உயிர்நாடியான செய்தி. ரேடார் பல இடங்களில் விட்டுவிட்டு வரும் கோட்டை முழுக்கோட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்திருக்கிறது. எஞ்சிய இடங்களில் அக்கோட்டை விடுபட்டதாகவே வரைந்து காட்டுவது வரைபவரின் கடமை.